இரண்டு வாட்டுக்கு ஏற்ற ஒலிபெருக்கி



இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்தை அடுத்துள்ள ஊர் நெமிலி. ஆடி மாதத்தில் இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் அம்மன் திருவிழா நடக்கும்போது, கம்பத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியின் பாட்டு வயல்களைக் கடந்து அடுத்த ஊருக்கும் கேட்கும்.

அந்த ஊரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவனுக்குக் குமரன் என்று பெயர் வைப்போம். வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்து ஆங்கில உச்சரிப்புப் பாடங்களைக் கேட்கும்படி ஓர் ஒலிபெருக்கியைத் தானே செய்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. பொங்கலுக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்தான். தீப்பெட்டியைவிடச் சிறிய ஓர் ஆம்பிளிபயர் பலகையை மிக மலிவாக வாங்கினான். அதன் திறன் ஏறக்குறைய 2 வாட். மீதிப் பணம் முழுவதையும் போட்டு, மோட்டார் காரில் வைக்கும் பத்து அங்குல ஊஃபர் ஒன்றை வாங்கினான். அதன் முதுகில் "300 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

இரண்டையும் இணைத்தான். என்ன கேட்டது? போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல மெல்லிய ஓசைதான். முதல் பெஞ்சுக்கே சொற்கள் புரியவில்லை.

குமரன் செய்த தவறு என்ன? வாட் எண்ணைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்கியதுதான். முதல் முதலாக ஒலிபெருக்கி செய்ய விரும்பும் பலரும் இதே தவறைச் செய்கிறார்கள். அதைத் தவிர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

வாட் என்பது என்ன?

ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் வாட், அது கொடுக்கும் ஒலியின் அளவு அன்று. சுருள் கருகாமல், கூம்பு கிழியாமல் அது தாங்கக்கூடிய மின்திறனின் அளவு. நூறு மூட்டை தாங்கும் லாரியில் இரண்டு மூட்டை ஏற்றினால், போய்ச் சேர்வது இரண்டு மூட்டைதான். அதைப் போலவே 300 வாட் தாங்கும் ஸ்பீக்கருக்கு 2 வாட் கொடுத்தால், அது பெறுவது 2 வாட் மட்டுமே.

"பி.எம்.பி.ஓ." என்ற எழுத்துகளோடு ஆயிரக்கணக்கில் வாட் எழுதிய பெட்டிகளை உங்கள் பெற்றோர் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு ஒழுங்கான அளவு முறை எதுவும் கிடையாது. அதை நம்பவே வேண்டாம்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது? உணர்திறன் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, நேர் எதிரே 1 மீட்டர் தூரத்தில் ஒலி எத்தனை டெசிபெல் என்று அளப்பார்கள். அதுவே உணர்திறன். கனமான கூம்பு கொண்ட கார் ஊஃபர்கள் பலவற்றுக்கு இது 84, 85 டெசிபெல் அளவில் இருக்கும். இலேசான காகிதக் கூம்பு கொண்ட ஆறு அங்குல ஸ்பீக்கருக்கு 90 டெசிபெல் கிடைப்பது உண்டு. திருவிழாவின் புனல் ஒலிபெருக்கியோ 105 டெசிபெலையும் தாண்டும். அடுத்த ஊருக்குப் பாட்டு கேட்பதன் இரகசியம் இதுதான்.

ஒரு சிறு கணக்கு

டெசிபெல் கணக்கில் இரண்டு விதிகளை நினைவில் வைத்தால் போதும்.

முதல் விதி: மின்திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் கூடும்.

இரண்டாம் விதி: திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும்.

உணர்திறன் 85 உள்ள ஸ்பீக்கரை 'அ' என்றும், 91 உள்ளதை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 2 வாட் கொடுக்கிறோம். 1 மீட்டர் தூரத்தில் 'அ' 88 டெசிபெலும், 'ஆ' 94 டெசிபெலும் தரும். 4 மீட்டர் தூரத்தில் உள்ள கடைசிப் பெஞ்சில் முறையே 76, 82 டெசிபெல் கிடைக்கும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

வித்தியாசம் வெறும் 6 டெசிபெல்தானே என்று எண்ணாதீர்கள். 'ஆ' 2 வாட்டில் செய்யும் வேலையை 'அ' செய்ய 8 வாட் வேண்டும். நல்ல ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால், காசில்லாமலே ஆம்பிளிபயரை நான்கு மடங்கு பெரிதாக்கியது போலாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேச்சிலும் இசையிலும் ஒலி ஒரே அளவில் இருப்பதில்லை. திடீரென எழும் உச்சங்கள் சராசரியைவிட 10 டெசிபெல் வரை உயரமாக இருக்கும். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு மின்திறன். உச்சங்கள் சிதையாமல் இருக்க வேண்டுமானால், 2 வாட் ஆம்பிளிபயரைச் சராசரியாக 0.2 வாட்டில்தான் ஓட்ட முடியும். ஆகவே சிறிய ஆம்பிளிபயருக்கு ஒவ்வொரு டெசிபெலும் விலைமதிப்புள்ளது.

மீதி எங்கே போகிறது?

ஸ்பீக்கருக்குள் ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. அதன் குறுகிய வட்ட இடைவெளியில் ஒரு செம்புக் கம்பிச் சுருள் தொங்குகிறது. சுருள் காகிதக் கூம்போடு ஒட்டப்பட்டுள்ளது. சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. நமக்கு ஒலி கேட்கிறது.

இந்த வேலையில் ஸ்பீக்கர் மிகவும் ஊதாரி. உணர்திறன் 92 டெசிபெல் உள்ள நல்ல ஸ்பீக்கரில்கூட, கொடுத்த மின்திறனில் நூற்றில் ஒரு பங்குதான் ஒலியாகிறது. மீதி 99 பங்கும் ஏறக்குறைய முழுவதும் சுருளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. 82 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒலியாவது ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே.

புனல் ஒலிபெருக்கி ஏன் சிறந்தது? கூம்பு கனமானது, காற்றோ மிக இலேசானது. வெறும் கூம்பு காற்றைச் சரியாகப் பிடித்துத் தள்ள முடிவதில்லை. புனல் தன் குறுகிய முனையில் காற்றுக்குப் பிடிமானம் கொடுத்து, அந்த அழுத்தத்தைப் படிப்படியாக வெளிக்காற்றுக்கு மாற்றுகிறது. ஆனால் கனத்த ஒலிக்கு அந்தப் புனல் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். திருவிழாப் பாட்டு கீச்சென்று கேட்பது அதனால்தான். எனவே வகுப்பறைக்கு அது பொருந்தாது.

பழைய காலம் கற்பிக்கும் பாடம்

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவர் 1925-ல் அசையும் சுருள் ஒலிபெருக்கியை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அது ரேடியோலா 104 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் கையில் உள்ள ஸ்பீக்கரும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

அந்தக் காலத்தில் வால்வு ரேடியோக்கள் கொடுத்த திறன் சில வாட்தான். ஆகவே இலேசான கூம்பு, பெரிய காந்தம், பெரிய பெட்டி என்று ஒவ்வொரு துளித் திறனையும் ஒலியாக்கப் பாடுபட்டார்கள். தொடக்க கால ஸ்பீக்கர்கள் சிலவற்றில், கூம்பு தடையின்றி அசைவதற்காக அதன் விளிம்பை மெல்லிய தோல் வளையத்தால் சட்டத்தோடு ஒட்டினார்கள். இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடும் தோலுக்கு இப்படியும் ஒரு பயன் இருந்திருக்கிறது! பழைய ஸ்பீக்கரின் நுரைவிளிம்பு உதிர்ந்துவிட்டால், மெல்லிய, மிருதுவான ஆட்டுத் தோலை வளையமாக வெட்டி ஒட்டிச் சரிசெய்பவர்கள் இன்றும் உண்டு.

பிறகு காலம் மாறியது. 1954-ல் எட்கர் வில்ச்சர் என்பவர் சிறிய, காற்றுப்புகாத பெட்டியில் ஆழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரை உருவாக்கினார். ஆனால் அதற்கு அதிக வாட் தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் எல்லோரும் அந்த வழியில் சென்றார்கள். குமரன் வாங்கிய கார் ஊஃபரும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே.

1957-ல் தொடங்கிய கே.எல்.எச். நிறுவனத்தின் மூவரில் ஒருவரான ஹாஃப்மன், இதை ஒரு விதியாகவே சொன்னார். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த உணர்திறன் என்னும் மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். ஒலியியலார் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள்.

நம்மிடம் உள்ளது 2 வாட். எனவே உணர்திறனை விட முடியாது. வகுப்பறையில் ஒரு மூலை கிடைக்கும் என்பதால் பெட்டி சற்றுப் பெரிதாக இருக்கலாம். பேச்சுக்கு மிக ஆழ்ந்த ஒலியும் தேவையில்லை. நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது எது என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

பெட்டி எதற்கு?

இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்துப் பாட்டுப் போடுங்கள். ஒலி மெலிந்து கேட்கும். இப்போது ஒரு பெரிய அட்டைப் பெட்டியிலிருந்து தட்டையான அட்டையை வெட்டி, கூம்பின் அளவுக்கு ஒரு துளை போட்டு, ஸ்பீக்கரை அதில் பொருத்திப் பிடியுங்கள். மிருதங்கத்தின் கனத்த ஒலி சட்டென்று எழும்!

காரணம் என்ன? கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது, பின்புறம் காற்று விரிகிறது. மெதுவான அதிர்வுகளில் முன்பக்கக் காற்று விளிம்பைச் சுற்றி ஓடிப் பின்பக்கத்தை நிரப்பிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அதற்குச் சில அங்குல வட்டம் எம்மாத்திரம்? அட்டை குறுக்கே நின்று அந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. நான்கு புறமும் மூடிய பெட்டி முழுவதுமாகத் தடுக்கிறது.

துளையிட்ட பெட்டிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழுகிறதல்லவா? அந்தத் தத்துவத்தால் துளைப் பெட்டி ஆழ்ந்த ஒலியைக் கூட்டுகிறது. ஆனால் அந்தச் சுருதி ஸ்பீக்கரோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரே ஒரு சுருதி மட்டும் 'பொம்' என்று அதிரும். இந்தப் பொருத்தத்தை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் கணக்காக வகுத்தனர். அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் மலிவான ஸ்பீக்கரோடு வருவதில்லை. ஆகவே முதல் முயற்சிக்கு மூடிய பெட்டியே நல்லது. அதில் சிறு பிழை நேர்ந்தாலும் பெரிய கெடுதல் இல்லை.

மூடிய பெட்டியும் ஒரு விலை கேட்கும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்லைப்போல் கூம்பை இறுக்குகிறது. அதனால் ஸ்பீக்கரின் இயற்கை அதிர்வெண் உயர்கிறது. ஸ்பீக்கரின் விளிம்புக்கு உள்ள அதே விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு உண்டோ, அதைச் சமக்காற்று அளவு எனலாம். அந்த அளவைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். இயற்கை அதிர்வெண் அத்தனை மடங்காக உயரும். உதாரணமாக, இயற்கை அதிர்வெண் 70 ஹெர்ட்ஸ், சமக்காற்று 15 லிட்டர், பெட்டி 15 லிட்டர் என்றால், 70-ஐ 1.41 ஆல் பெருக்க, 99 ஹெர்ட்ஸ் வரும். பேச்சுக்கு இது தாராளம்.

எதை வாங்குவது?

1. ஸ்பீக்கர்: ஆறு அல்லது ஆறரை அங்குலம், இலேசான காகிதக் கூம்பு, 8 ஓம் அல்லது 4 ஓம். நடுவில் இன்னொரு சிறு கூம்பு இருந்தால் நல்லது. கடைகளில் இதை 'டூயல் கோன்' என்பார்கள். சிறு கூம்பு உயர்ந்த சுருதிகளைக் கவனித்துக்கொள்ளும். ஊஃபர், டுவீட்டர் என்று இரண்டு வாங்கி, சுருதிகளைப் பிரித்து அனுப்பும் சுற்று கட்டும் வேலை மிச்சம். உணர்திறன் எண் கிடைத்தால் 89-க்குக் குறையாமல் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் முன், உள்ளூர் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். பழைய வால்வு ரேடியோவின் ஸ்பீக்கர் கிடைத்தால் அது நல்ல வேட்டை.

2. சோதனை: 8 ஓம் ஸ்பீக்கரின் சுருளை மீட்டரில் அளந்தால் 6 முதல் 7 ஓம் காட்டும். கூம்பை இரு கை விரல்களாலும் சமமாக, மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் ஓசை கேட்டால் வாங்காதீர்கள். ஒன்றரை வோல்ட் பாட்டரியை ஒரு கணம் தொட்டால் 'டக்' என்று கூம்பு அசைய வேண்டும்.

3. ஆம்பிளிபயர்: பிஏஎம் 8403 என்ற சில்லு கொண்ட பலகை 5 வோல்ட்டில் ஓடும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிகச் சிதைவின்றி ஏறக்குறைய 2.5 வாட்டும், 8 ஓமுக்கு 1.4 வாட்டும் தரும். இரண்டு வழிகளில் ஒன்றைப் பயன்படுத்தினால் போதும். இதன் ஸ்பீக்கர் கம்பிகள் இரண்டிலும் மின்னோட்டம் வருகிறது. எதையும் எதிர்மின் முனையோடு இணைக்கக் கூடாது. இரு வழிகளின் கம்பிகளையும் ஒன்று சேர்க்கக் கூடாது. 5 வோல்ட்டுக்கு நல்ல கைப்பேசி சார்ஜரே போதும். சுவர் மின்சாரத்தோடு நேரடியாக விளையாட வேண்டாம்.

பெட்டி செய்யும் முறை

12 மில்லிமீட்டர் பிளைவுட் ஏறக்குறைய நாலரைச் சதுர அடி வேண்டும். தச்சுப் பட்டறையில் மீந்த துண்டுகளே போதும்.

மேல், கீழ்ப் பலகைகள்: 27.4 × 20 செ.மீ. — 2
பக்கப் பலகைகள்: 30 × 20 செ.மீ. — 2
முன், பின் பலகைகள்: 27.4 × 32.4 செ.மீ. — 2

பக்கப் பலகைகள் மேல், கீழ்ப் பலகைகளின் இடையே நிற்க வேண்டும். முன், பின் பலகைகள் இவற்றின் மேல் மூடியாக அமையும். உள் அளவு 25 × 30 × 20 செ.மீ. அதாவது 15 லிட்டர். மூன்று அளவுகளும் வெவ்வேறாக இருப்பதைக் கவனித்தீர்களா? சமமாக இருந்தால் ஒரே அதிர்வெண்ணில் மூன்று திசையிலும் காற்று அதிர்ந்து ஒலியைக் கெடுக்கும்.

முன்பலகையில் துளையை நட்டநடுவில் போடாமல் சற்று ஒதுக்கிப் போடுங்கள். துளையின் அளவை உங்கள் ஸ்பீக்கரைக் கொண்டே குறிக்க வேண்டும். அறுக்கும் வேலையைத் தச்சரிடம் விடுங்கள். மரத்தூளும் இரும்புத்தூளும் பறக்கும் இடத்தில் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். இரும்புத்தூள் காந்த இடைவெளிக்குள் போனால் திரும்ப எடுப்பது அரிது.

மரப்பசையும் திருகாணியும் கொண்டு இறுக்குங்கள். உள்மூலைகளில் பசையை ஒரு வரி இழுத்து விடுங்கள். பின்பலகையைத் திருகாணியால் மட்டும் மூடுங்கள். அதைக் கழற்றி மாட்ட வேண்டிவரும். கம்பி வெளியேறும் துளையையும் அடைத்துவிடுங்கள். பின்புறமும் பக்கங்களிலும் இலவம் பஞ்சைத் தளர்வாக வைத்து, அது ஸ்பீக்கர் மேல் உதிராதபடி மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள்.

பாட்டுக் கேட்கும்போது 'பொம்' என்ற அதிர்வு மிகுந்திருந்தால் பஞ்சைக் கூட்டுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பின்பலகையில் சில சிறு துளைகள் போட்டு, உட்புறம் கனத்த துணியை ஒட்டுங்கள். காற்று மெல்லக் கசிந்து, அதிர்வு தணியும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை

ஓசையைக் கூட்டத் தெரிந்தவனுக்குக் குறைக்கவும் தெரிய வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் ஒலி பகலில் 55, இரவில் 45 டெசிபெலைத் தாண்டக் கூடாது. திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. 85 டெசிபெல் ஒலியை நாள்தோறும் பல மணி நேரம் கேட்டால் செவி கெடும். உங்கள் 2 வாட் ஒலிபெருக்கியை 1 மீட்டர் தூரத்தில் முழு அளவில் வைத்தால் அந்த எல்லையைத் தொட்டுவிட முடியும். ஆகவே சிறியது என்று அலட்சியம் வேண்டாம்.

நம் குமரன் என்ன ஆனான்? ஊஃபருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். ஆனால் ரேடியோ பழுதுபார்ப்பவரின் பரணில் தூசி படிந்து கிடந்த காகிதக் கூம்பு ஸ்பீக்கர் ஒன்று அவனுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆம்பிளிபயர், அதே 2 வாட். இம்முறை கடைசிப் பெஞ்சில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. உணர்திறன் 88 டெசிபெல் உள்ள ஸ்பீக்கருக்கு 4 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தூரத்தில் ஒலி எவ்வளவு? திறந்த வெளியில் 2 மீட்டர் தூரத்தில் எவ்வளவு?

2. இயற்கை அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ், சமக்காற்று 15 லிட்டர் உள்ள ஸ்பீக்கரை 5 லிட்டர் பெட்டியில் அடைத்தால் அதிர்வெண் எவ்வளவாக உயரும்?

விடைகள்: 1. 94 டெசிபெல், 88 டெசிபெல். 2. 160 ஹெர்ட்ஸ். சிறிய பெட்டி கேட்கும் விலையைப் பார்த்தீர்களா?